விசாரணைப் புஸ்தகமும் யோபுவின் மூக்கும்

போன மாதம் வேலூரில் பெரிய பந்தல் போட்டு ஒரு வாரம் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. அது முடிந்த மறுநாள் இளம் உபதேசிமார் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், நோய் தீர்த்தல் முதலான வரங்கள் எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்றார் ஒருவர். இன்றைக்கும் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டிருக்கின்றன என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பலகாரத்துக்காக வந்தவர். முப்பத்தொரு வருஷம் உபதேசியாராக இருந்து ஓய்வுபெற்றவன் நான் என்பதால், இதற்கு ஒரு தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் சொன்னேன். முடிவில், "இதையெல்லாம் எழுதி வையுங்கள் ஐயா" என்று மூவரும் ஒரே குரலில் கேட்டுக்கொண்டார்கள். நான் பேச்சை நிறுத்தவேண்டும் என்பதற்காகக் கேட்டார்களோ என்று எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் படித்ததைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ராணிப்பேட்டையில் இரண்டு வருஷம் வேதபாடம் படித்தேன். பிரசங்கம் பண்ணப் பழகினேன். ஆர்மோனியம் பழகப் பார்த்தேன், ஆர்மோனியம்தான் ஜெயித்தது. பிறகு ஆம்பூருக்கு அனுப்பி, எங்கள் மிஷன் துரையின் கீழ் வைத்தார்கள்.

துரை ஒட்டடைக்கோல் மாதிரி உயரம். சென்னையில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்தவர். அந்த முன்ஷி அவருக்கு அச்சுத் தமிழைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. தெருநாய் குறுக்கே வந்தால்கூட "அப்பாலே போம்" என்பார். நாய்களும் அவரிடம் சற்று மரியாதையாகவே நடந்துகொண்டன. வெயிலோ மழையோ, ஒரே கம்பளிக் கோட்டுதான் போடுவார். நான் பார்த்தவரையில் அதைச் சலவைக்குப் போட்டதில்லை.

வரங்கள் நின்றுவிட்டன என்பது துரையின் உறுதியான எண்ணம். கட்டடம் எழும்பிய பிறகு சாரம் எதற்கு என்று கேட்பார். ஆனால் நியாயஸ்தர். விசாரிக்காமல் எதையும் தள்ளக்கூடாது என்று ஒரு பெரிய புஸ்தகம் போட்டு வைத்திருந்தார். ஆம்பூர் ஆட்டுத்தோல் அட்டை. உள்ளே ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: இயற்கை, கபடம், அற்புதம். ஓரத்தில் குறிப்புக்குக் கொஞ்சம் இடம். முதல் இரண்டு பத்திகளும் மை படிந்து கருத்திருக்கும். மூன்றாவது பத்தி வாங்கின நாள் போல வெள்ளையாக இருக்கும்.

அற்புதம் நடந்தது என்று யார் வந்து சொன்னாலும் முதலில் என்னிடம்தான் வரவேண்டும். நான் ஏழு கேள்வி கேட்பேன். யார், எங்கே, எப்போது, அதற்கு முன் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, பார்த்தவர் யார், அன்றைக்குச் சாப்பிட்டாயா. கடைசிக் கேள்வி துரை சேர்த்தது. தரிசனங்களில் பாதி காலி வயிற்றில் வருகிறவை என்பது அவர் கண்டுபிடிப்பு. நான் எழுதிக் கொடுத்ததும், துரை தம்முடைய மடக்கு நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு ஆளின் வீட்டுக்கு வருவார். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். விசாரணை முடிந்தால் நாற்காலியை மடக்குவார். மடக்கவில்லை என்றால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

அதற்கு முன் ஒன்று செய்வார். வாசலில் நின்று, ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து, தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நிற்பார். பிறகுதான் நாற்காலியை விரிப்பார். சீமையிலே இப்படி ஒரு சுருக்க ஜெபம் இருக்கிறது போலும், ஆவியானவர் வருகிற திசையைப் பார்க்கிறார் போலும் என்று நான் முடிவுகட்டினேன். கேட்பது மரியாதையில்லை என்று கேட்கவில்லை. நானும் செய்ய ஆரம்பித்தேன். என்னைப் பார்த்து சபையார் செய்தார்கள். இரண்டு வருஷத்துக்குள் ஆம்பூரில் எந்த வீட்டு ஜெபமும் விரலை நனைத்துத் தூக்காமல் தொடங்குவதில்லை. காட்பாடியிலிருந்து வந்த உறவுக்காரர்கள் என்ன இது என்று கேட்டால், ஆம்பூர் முறை என்று பெருமையாகச் சொன்னோம். துரையோ, நாங்கள் விரல் தூக்குவதைப் பார்த்து அது எங்கள் பரம்பரை வழக்கம் என்று எண்ணியிருக்கிறார். உள்ளூர் வழக்கத்தில் தலையிடக்கூடாது என்று அவரும் கேட்கவில்லை. இப்படியே ஒன்பது வருஷம் போயிற்று.

புஸ்தகத்தில் வந்த விசாரணைகளில் ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் தரகர் ஒருவருடைய மனைவி ஜெபக்கூட்டத்தில் திடீரென்று அந்நிய பாஷை பேசினாள். ஜனங்கள் அழுதார்கள். தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி தெரிந்தவர்களை எல்லாம் கூட்டிவந்து கேட்க வைத்தோம். லத்தீன் தெரியும் என்று சொல்லிக்கொண்ட தபால்காரர் ஒருவரும் வந்தார். ஒருவருக்கும் விளங்கவில்லை. துரையே கொஞ்சம் கலங்கித்தான் போனார். மூன்றாம் நாள் அவள் புருஷன் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும்போது தரகர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் மறைவுப் பேச்சு அது. அவர் தூக்கத்தில் உளறியதை எல்லாம் இவள் மனதில் வாங்கியிருக்கிறாள். மூன்று நாளும் கடைசி வரிசையில் பக்தியோடு உட்கார்ந்திருந்த நாலைந்து வியாபாரிகள் அதற்குப் பிறகு சபைப் பக்கம் வரவில்லை. துரை 'இயற்கை' என்று எழுதி, நாற்காலியை மடக்கினார்.

இனி யோபுவின் விஷயம்.

யோபு ஒரு சாயபுவின் தோல் ஷாப்பில் வேலை செய்தவன். சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலை இழுத்துப் போட்டு மயிர் சீவுகிற வேலை. பத்து வயதில் சேர்ந்தவனுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். தோல் ஷாப்பில் சேர்ந்து ஒரு வருஷத்தில் மூக்கு செத்துவிடும். அதை யாரும் வியாதி என்று சொல்வதில்லை, சௌகரியம் என்றே சொல்வார்கள். அவனுக்கு இருந்த ஒரே குறை முழங்கால் வலி. ஈரத்திலே நின்று நின்று வந்தது.

அந்த வருஷம் தெற்கேயிருந்து ஒரு பிரசங்கியார் வந்து பாலாற்று மணலில் பந்தல் போட்டார். குடம் நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, வருகிறவர்கள் தலையில் ஊற்றி ஜெபிப்பார். எண்ணெய்ப் பிரசங்கியார் என்றுதான் ஊரில் அவருக்குப் பேர். துரை எங்களைப் போகக்கூடாது என்றார். என்னை மட்டும் புஸ்தகத்தோடு அனுப்பினார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, எழுந்து போகிற ஒவ்வொருவரையும் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

யோபு முழங்காலுக்காகப் போய் நின்றான். பிரசங்கியார் தாராளமான மனுஷர். கால்படி எண்ணெயைக் கவிழ்த்தார். அது நெற்றி வழியாக இறங்கி நேரே மூக்குக்குள் போயிற்று. யோபு தும்மினான். பதினொரு தும்மல், நான் எண்ணினேன். போகிறான், போகிறான், பிசாசு போகிறான் என்று பிரசங்கியார் கூவினார். யோபு காலை மடக்கிப் பார்த்து, அம்மா என்று உட்கார்ந்துவிட்டான். முழங்கால் குணமாகவில்லை என்று எழுதி நான் புஸ்தகத்தை மூடினேன்.

பந்தலுக்கு வெளியே வந்தபோது யோபு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். முகம் ஒரு மாதிரி இருந்தது. மல்லிகை வைத்துக்கொண்டு ஒரு பெண் எங்களைக் கடந்து போனாள்.

"ஐயா, இது இன்னா ஐயா? பூ வாசனை வருதே" என்றான்.

இருபத்தைந்து வருஷம் கழித்து வந்த வாசனை. அவன் அழுதான். நானும் அழுதேன், அதை மறைப்பானேன். துரையின் தடையை மீறி வந்து கூடியிருந்த எங்கள் சபையார் அத்தனை பேரும் விரலை நனைத்துத் தூக்கினார்கள். முழங்காலைக் கேட்டவனுக்கு மூக்கு கிடைத்ததைப் பற்றி அன்றைக்கு யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் யோபுவின் மனைவி மார்த்தாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். யோபு காலையில் ஷாப்பு வாசலைத் தாண்டியதும் வாந்தி எடுத்திருக்கிறான். சுண்ணாம்புக் குழிப் பக்கம் போனதும் மயக்கம். தோல் பதமாக புறா எச்சம் கரைக்கிற தொட்டிப் பக்கம் போனதும் ஓட்டம். மேஸ்திரி பிடித்துவந்து நிறுத்த, மறுபடி ஓட்டம். வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. சட்டை நாறுகிறது, பாய் நாறுகிறது என்று புளியமரத்தடியில் போய் உட்கார்ந்திருக்கிறான். அவர்கள் குடியிருந்தது ஷாப்புக்குச் சொந்தமான லைன் வீடு. வேலை போனால் வீடும் போகும். நாலு பிள்ளைகள்.

"ஆண்டவர் குடுத்தது நல்லதுதான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா எங்களுக்கு வாணாம் ஐயா. திருப்பி எடுத்துக்க சொல்லி ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றாள்.

கொடுத்த வரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்ல எந்த ஜெபப் பாடத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. சாயபுவிடம் போய்க் கெஞ்சிப் பார்த்தேன். அவரும் துரையைப் போல ஒரு நியாயஸ்தர், அதுதான் தொல்லையாகிவிட்டது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"பேஜார் புடிச்ச சமாச்சாரமா இருக்குதே உபதேசியாரே. நோவுன்னா சொல்லுங்க, லீவு தர்றேன், எடத்த காலியா வெச்சிருக்கேன், வூட்லயும் இருக்கட்டும். உங்க ஆண்டவர் குடுத்த வரம்னா, சோறும் அவரே குடுக்கட்டும். எதுன்னு துரைகிட்ட சீட்டு வாங்கியாங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்கறேன்" என்றார்.

அன்று செவ்வாய்.

இந்தச் செய்தியைத் துரையிடம் கொண்டுபோனேன். அவருடைய சங்கடம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அற்புதம் என்று எழுதினால், அவர் இத்தனை வருஷம் போதித்தது என்னாவது? எழுதினாலும் யோபுவுக்கு வேலை போய்விடும். நோய் என்று எழுதினால் யோபு பிழைப்பான். ஆனால் மூக்கு நன்றாக வேலை செய்வதை நோய் என்று எப்படி எழுதுவது? துரை பொய் எழுதமாட்டார். எண்ணெய் போய் ஏதோ அடைப்பை இளக்கியிருக்கும், இயற்கைதான் என்று சொல்லிப் பார்த்தார். இயற்கைக்கு சாயபு லீவு தருவாரா என்று நான் கேட்டேன்.

"முதலாவது, மூக்கைப் பரீட்சிப்போம்" என்றார்.

புதன்கிழமை காலை லைன் வீடுகளுக்குப் போனோம். துரை வழக்கம்போல விரல் தூக்கி, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். யோபுவின் கண்ணைக் கட்டினோம். பட்டியல் போட்டு ஏழு பொருள் கொண்டுபோயிருந்தேன்: பெருங்காயம், கருவாடு, காப்பித்தூள், சூடம், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், வெறும் தண்ணீர். தண்ணீர் கபடத்தைக் கண்டுபிடிக்க. யோபு ஆறையும் சரியாகச் சொன்னான். ஏழாவதுக்கு, "ஒண்ணுமில்லீங்க" என்றான். பிறகு மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "எட்டாவது ஒண்ணு இருக்குது. மழையில நனஞ்ச கம்பளி, பொகையில, கெட்டுப்போன பாலு, எல்லாம் சேந்தாப்ல" என்றான்.

துரை என்னைப் பார்த்தார். "அது பட்டியலில் எத்தனையாவது?"

"பட்டியலில் இல்லை, துரை" என்றேன். அது துரையின் கோட்டு என்று எனக்கும் மார்த்தாளுக்கும் உடனே தெரிந்துவிட்டது. மார்த்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அதை எழுதவில்லை. முப்பத்தொரு வருஷ ஊழியத்தில் நான் எழுதாமல் விட்ட சாட்சி அது ஒன்றுதான்.

கண்கட்டை அவிழ்த்த பிறகு துரை, இந்த மூக்கினால் உமக்கு என்ன தெரியவந்தது, வாசனைகள் தவிர, என்று கேட்டார்.

"காட்பாடிக்கு ரயில்ல போவேங்க. நான் போய்க் குந்துனா பக்கத்துல இருக்கறவங்க நவுந்துக்குவாங்க. சில பேர் எழுந்தே போய்டுவாங்க. பெஞ்சு பூரா எனக்குத்தான். இத்தினி வருசமா மருவாதிக்கு எடம் விடுறாங்கன்னு நெனச்சிருந்தேன் துரை. நேத்து என் சட்டையை மோந்து பாத்தப்பதான் புரிஞ்சுது" என்றான்.

யோபு நிமிர்ந்து துரையின் நாற்காலியைப் பார்த்தான். குரலில் கோபம் துளியும் இல்லை.

"நீங்க வெரல நனச்சித் தூக்குறதும் இப்பதான் புரிஞ்சுது. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்து, எங்க நாத்தம் வராத பக்கமா நாற்காலி போடுறீங்க. தப்புன்னு சொல்லலீங்க. நானும் இப்ப அங்கதான் குந்துறேன்."

துரையின் முகம் கழுத்துவரை சிவந்தது. ஒன்பது வருஷம் அந்த மனுஷர் யார் மனதும் புண்படக்கூடாது என்று எவ்வளவு நாசூக்காக அதைச் செய்திருக்கிறார்! நான் என் ஆள்காட்டி விரலைப் பார்த்தேன். கல்யாணம், கிரகப்பிரவேசம், அடக்க ஆராதனை, எத்தனை வீட்டு வாசலில், எவ்வளவு பக்தியோடு அதைத் தூக்கியிருக்கிறேன்! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அதைச் சட்டைப்பைக்குள் மறைத்துக்கொண்டேன். துரை நாற்காலியை மடக்காமலே வீட்டுக்கு நடந்தார். நான்தான் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துரை தாமே தோல் ஷாப்புக்கு வந்தார். வாசலில் பழக்கதோஷத்தில் விரல் வாய்வரை போயிற்று. பாதியில் நிறுத்திக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மார்த்தாள் பாத்திரம் பண்டங்களை எல்லாம் ஒரு பெரிய மூட்டையாகக் கட்டி, பிள்ளைகளோடு வெளியே நின்றிருந்தாள். யோபு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான்.

முற்றத்தில் கலவை என்ற ஊர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் உப்புப் போட்ட பச்சைத் தோல் கட்டுகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். சாயபு மேலாகப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தார். துரை தொண்டையைக் கனைத்து, இந்த விஷயத்தை நோய் என்று சொல்வதற்கும் இல்லை, அற்புதம் என்று சொல்வதற்கும் இல்லை என்று ஆரம்பித்தார். சாயபுவின் முகம் சுருங்கியது. அதற்குள் யோபு மூன்றாவது கட்டைத் தாண்டினான். தாண்டினவன் அப்படியே பின்வாங்கி வாசலுக்கு ஓடினான்.

"இவ்ளோ நேரம் நின்னான், இதுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஓடுறான்?" என்று சாயபு கேட்டார். கேட்டவர் சும்மா இருக்கவில்லை, அந்தக் கட்டை அவிழ்க்கச் சொன்னார். மேலே நாலு தோல் நல்ல தோல். உள்ளே இருந்தவற்றில் உப்பு ஏறவே இல்லை. அழுகிப்போய், கையை வைத்தால் மயிர் கொத்துக் கொத்தாக வந்தது. ஷாப்பில் சாயபு தொடங்கி மேஸ்திரி வரை ஒருவருக்கும் மூக்கு கிடையாது. அந்த வியாபாரிக்கு அது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

சாயபு யோபுவைக் கூப்பிட்டு மற்றக் கட்டுகளையும் மோந்து பார்க்கச் சொன்னார். இன்னும் இரண்டு அகப்பட்டன. வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டார்.

"சீட்டு கீட்டு ஒண்ணும் வாணாம் துரை. குழிக்கு ஆயிரம் பேர் கெடப்பான். இந்த மூக்கு எனக்கு வாசல்ல வேணும்" என்றார் சாயபு.

அன்று முதல் யோபுவுக்கு வேலை வாசல் புளியமரத்தடியில். குழிகளின் நாற்றம் வராத பக்கமாக, காற்றுப் பார்த்து, அவனுக்கும் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். வருகிற ஒவ்வொரு கட்டையும் மோந்து பார்த்து உள்ளே அனுப்பவேண்டும். மார்த்தாள் அங்கேயே உட்கார்ந்து மூட்டையை அவிழ்த்து, பானையை எடுத்துப் பெரிய பெண்ணிடம் கொடுத்து, உலை வைக்கச் சொல்லி அனுப்பினாள்.

அன்று சாயங்காலம் துரை புஸ்தகத்தை விரித்துப் பேனாவை எடுத்தார். பேனா முதல் பத்திக்குப் போயிற்று, இரண்டாவதுக்குப் போயிற்று, மூன்றாவதின் மேல் வெகுநேரம் நின்றது. கடைசியில் ஓரத்துக் குறிப்பில் மட்டும், 'முழங்கால் இன்னும் குணமாகவில்லை' என்று எழுதினார். எந்தப் பத்தி துரை என்று கேட்டேன். விசாரணை முடியவில்லை என்றார். புஸ்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது, அந்தப் பக்கம் இன்றுவரை அப்படியேதான் இருக்கிறது. இளம் உபதேசிமாருக்கு அதைத்தான் எடுத்துக் காட்டினேன். வாதாடிய இருவரும் தங்கள் கட்சியே ஜெயித்தது என்று சொல்லிக்கொண்டார்கள்.

ஆனால் விசாரணை அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் கொஞ்சம் நடந்தது. எங்கள் கோவிலில் தோல் ஷாப்பு ஜனங்கள் மேற்கு வாசலோரப் பாயில்தான் உட்காருவார்கள். யார் சொன்னது, எப்போது வந்தது என்று யாருக்கும் தெரியாது. அன்றைக்கு நான் பிரசங்கம். துரை வந்தார், வழக்கம்போல தம் நாற்காலியை முன்னால் விரித்தார், அதில் உட்காராமல் தாண்டிப் போனார், மேற்கு வாசலோரம் யோபுவுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவ்வளவு நீளமான காலை மடக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

யோபு ஒரு முழம் நகர்ந்துகொண்டான். துரையும் ஒரு முழம் நகர்ந்தார். யோபு மறுபடி நகர்ந்தான். துரையும் விடவில்லை. நான் மேலே நின்று பொறுமையைப் பற்றிப் பிரசங்கித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் தலைப்புக்கு நான் வந்தபோது இருவரும் சுவரோரத்துக்கு வந்துவிட்டார்கள்.

"நீர் ஏன் நகர்கிறீர்?" என்று துரை கேட்டது எனக்கே கேட்டது.

யோபு துரையின் கோட்டை ஒரு தரம் பார்த்தான். பிறகு கைகட்டிக்கொண்டு, "மருவாதிக்குதாங்க, துரை" என்றான்.

துரைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் என் பிரசங்கத்தின் நடுவே வாய்விட்டுச் சிரித்தார். ஒன்பது வருஷத்தில் அவர் பல்லை நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு துரை நாற்காலி கொண்டுவரவில்லை. கோட்டு சலவைக்குப் போய் வந்திருந்தது.